காற்றுக்கருவிக் கலைஞர்கள் கவனத்திற்கு: வழுக்கல் குறிகள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சுரத்துக்குள் வழுக்கி நுழைவதையும் அதிலிருந்து வழுக்கி விலகுவதையும் காட்டும் குறிகளைப் பற்றியது இது. சென்ற ஒத்திகையில் 24ஆவது பாரில் (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) இருந்த ஒரே வளைகோட்டைப் பார்த்து மூன்று ட்ரம்பெட்டுகள் மூன்று விதமாக இறங்கின. வாசித்தவர்கள் மீது தவறில்லை. இறக்கம் எங்கே முடிகிறது என்று தாளில் எழுதவே இல்லை. சனிக்கிழமை மாலை 5 மணி ஒத்திகைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

1. சுரத்துக்கு முன் கீழிருந்து ஏறும் வளைவு ஸ்கூப். சுரத்துக்குப் பின் இறங்குவது ஃபால், ஏறுவது டாய்ட். இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.
2. ஃபால் குட்டையா, நீளமா? எந்தத் தாளத் தட்டில் (பீட்டில்) நிற்கிறது? இரண்டையும் எழுதுங்கள்.
3. தொடக்கச் சுரம் முக்கியமென்றால் ஸ்கூப் போதாது. தண்டில் குறுக்குக் கோடிட்ட கிரேஸ் நோட்டாக (முதன்மைச் சுரத்துக்கு முன் சட்டென வரும் சிறு சுரம்) எழுதுங்கள்.
4. இசை ஏற்பாடு (அரேஞ்ச்மென்ட்) எழுதுவோர் இதை அவசியம் கவனியுங்கள்: சாதாரண டெனர் ட்ரோம்போனின் ஸ்லைடுக்கு (நீட்டிச் சுருக்கும் குழாய்) ஏழு நிலைகள்தான். இடையில் அறுபடாமல் வழுக்கக்கூடிய தூரம் அதிகபட்சம் ஆறு அரைச்சுரம். அதற்குள்ளும் இரு சுரங்களும் ஒரே வரிசை எண்ணுள்ள ஒத்திசையாக (பார்ஷியல்) அமைய வேண்டும்; அதாவது ஸ்லைடை மட்டும் நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடிய வேண்டும். ட்ரோம்போன் கலைஞரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் வழுக்கல் கோடு போடுங்கள்.

உங்கள் தாளில் ஐயமுள்ள பார் எண்களை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். ஐயம் இல்லாதவர்களும் ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

சனிக்கிழமை பென்சில் கொண்டுவாருங்கள்.