விளக்கு தலைகீழாக வந்த கதை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து, ஒரு வார்த்தை எழுதாமல் அந்த ஹெச்பி 42எஸ் கால்குலேட்டரின் திரையை மட்டும் அனுப்பியிருக்கிறாய். அப்பாவிடம் கேட்கலாம் என்று தோன்றியதே, அதுவே போதும்.

படத்தின் இடது ஓரம் அறுந்து நிற்கிறது. உன் எண்களில் தப்பில்லை. எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ஆல்ஃபா நினைவகத்தில் 44 எழுத்துக்குத்தான் இடம். படம் போடும்போது ஒவ்வொரு எழுத்தும் 8 புள்ளி உயரமுள்ள ஒரு நெடுவரிசை. 45-வதை, எண்ணை எழுத்தாக்கிச் சேர்க்கும் எக்ஸ்டிஓஏ கட்டளை போட்டு ஏற்றியதும் முதலாவது விழுந்துவிடும், மிஷின் ஒன்றும் சொல்லாது. திரை 131 புள்ளி அகலம். அதனால் படத்தை மூன்று துண்டாக்கு. மேலிருந்து எந்த வரி என்று சொல்லும் ஒய்யில் 1 வைத்துக்கொண்டு, இடமிருந்து எந்தப் புள்ளி என்று சொல்லும் எக்ஸில் 1, பிறகு 45, பிறகு 89 கொடுத்து, ஆல்ஃபாவைப் படமாக வரையும் ஏகிராஃப் கட்டளையை மூன்று தடவை போடு. ஒவ்வொரு துண்டையும் ஏற்றுவதற்கு முன்னால் ஆல்ஃபாவைத் துடைக்கும் சிஎல்ஏ. பழைய எழுத்து மிச்சமிருந்தால் அதுவும் புள்ளியாகி ஒட்டிக்கொள்ளும்.

போட்டோவில் மேசைக் கடிகாரம் 2.40 காட்டுகிறது, ஜன்னல் இருட்டாக இருக்கிறது. ஒரே ஒரு தட்டு இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அம்மா வேறு ஏதோ கேட்கச் சொன்னாள், போனில் பேசிக்கொள்ளலாம். சிஎல்ஏவை மறக்காதே.

நீ ஐந்தாம் வகுப்பில், இதே கால்குலேட்டரில் வரவைக்க, கட்டம்போட்ட நோட்டில் அகல்விளக்கு வரைந்தாயே. நடு நெடுவரிசைக்கு, தெரிய வேண்டிய புள்ளிகளின் எண்களைக் கூட்டி 239 என்று வைத்திருந்தாய். மேல் புள்ளிதான் 1, கீழே போகப் போக இரட்டிப்பாகி 128 என்றாய். நான் கேட்கவில்லை. கீழ்ப்புள்ளிதான் 1 என்று சொல்லி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 247 எழுதினேன். எல்லா நெடுவரிசையையும் அப்படியே மாற்றி, எண்களை உன்னையே கால்குலேட்டரில் தட்ட வைத்தேன். விளக்கு கவிழ்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை வேறு. எண்ணைத் தப்பாகத் தட்டினாய் என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். நீ அழவில்லை. நோட்டை மூடிவிட்டு மாடிக்குப் போனாய்.

அன்று ராத்திரியே கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் காட்டிக் கேட்டதில்லை. கல்லூரியில் முதலாவதாக வந்ததைக்கூட பெரியப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன், இதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, கண்ணு.

அந்த நோட்டு பீரோவில்தான் இருக்கிறது. நான் அடித்ததற்குக் கீழே உன் 239 இன்னும் தெரிகிறது.

மூன்று துண்டும் சேர்ந்து வந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. வராவிட்டாலும் போன் பண்ணு. 2.40 ஆனாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா