லேப்டாப்புக்குப் பதில் என்று சொல்லி விற்ற டேப்லெட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்,
திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 28.04.2025

ஐயா,

ஏப்ரல் 9 அன்று உங்கள் திருப்பூர் ஷோரூமில் 38,990 ரூபாய்க்கு ஒரு டேப்லெட், 9,499 ரூபாய்க்கு அதற்கான கீபோர்டு கவர், 799 ரூபாய்க்கு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன். மொத்தம் 49,288 ரூபாய். பில் நகல் இணைத்துள்ளேன்.

பனியன் கம்பெனிகளுக்கும் அவற்றுக்குக் கூலிக்கு வேலை செய்துதரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது என் தொழில். நிட்டிங், டையிங், காஜா பட்டன் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு இடம், எல்லாம் டூவீலரில்தான். பழைய லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது, கரண்ட் இல்லாமல் ஓடாது. அதையும் சார்ஜரையும் தோளில் மாட்டிச் சுற்றியதில் கழுத்துவலிதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் 'இனி லேப்டாப் எதற்கு?' என்ற உங்கள் விளம்பரப் பலகை கண்ணில் பட்டது.

விளம்பரத்தை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. மின்னணுக் கையெழுத்துப் போடுவதற்கான, பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைக் கையோடு கொண்டுபோய் விற்பனையாளரிடம் காட்டினேன். "இதைச் சொருகினால் ஜி.எஸ்.டி. தளத்தில் கையெழுத்து விழுமா? மேக்ரோ உள்ள எக்செல் ஓடுமா?" என்று கேட்டேன். மேக்ரோ என்பது எக்செல் கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும் சிறு நிரல். "பிசி மோடு இருக்குங்க சார், லேப்டாப்ல வர்ற எல்லாமே இதுல வருங்க. டோக்கனுக்கு ஒரு கன்வெர்ட்டர் மட்டும் வாங்கிக்கங்க" என்றார். அந்த 799 ரூபாய் அப்படிப் போனதுதான்.

20ஆம் தேதிவரை குறை ஒன்றும் தெரியவில்லை. தனிநபர் பெயரில் இருக்கும் யூனிட்டுகளுக்கு வரிச் சுருக்க ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-3பி போட மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். டீக்கடையில் உட்கார்ந்தே நான்கு பேருக்கு முடித்தேன். டெலிவரி சலான்களைப் படம் பிடித்துக்கொள்ளவும் வசதி. அந்த அளவில் டேப் நல்ல டேப்தான்.

23ஆம் தேதி பல்லடம் சாலையில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் மாட்டிக்கொண்டேன். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கின் கணக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 25. அதன் ஆஃப்லைன் எக்செல் கோப்பு மேக்ரோவில்தான் இயங்கும். டேப்பில் கோப்பு திறந்தது, ஆனால் சரிபார்க்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. ஆண்ட்ராய்டு எக்செலில் மேக்ரோ ஓடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்தது கையெழுத்து. பிரைவேட் லிமிடெட் என்றால் ஓடிபி செல்லாது, டோக்கன் கட்டாயம். அதற்கான எம்சைனர் மென்பொருள் கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு அது கிடையாது. கன்வெர்ட்டரில் சொருகிய டோக்கனில் விளக்கு எரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் அந்த கம்பெனியின் கணக்கையும் இதில் திறக்க வழியில்லை. முதலாளி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 11 கிலோமீட்டர் வீட்டுக்கு ஓட்டிப்போய்ப் பழைய லேப்டாப்பை எடுத்துவந்துதான் வேலையை முடித்தேன்.

உங்கள் 'பிசி மோடு' ஜன்னல் ஜன்னலாகத் திறந்து கணினிபோலக் காட்டுகிறது, உள்ளே இருப்பது அதே ஆண்ட்ராய்டு. எடையையும் சொல்ல வேண்டும். கவரை மாட்டி வீட்டுத் தராசில் வைத்தால் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. விளம்பரத்தில் கீபோர்டோடு படம் போடுகிறீர்கள், எடையை மட்டும் அதைக் கழற்றிவிட்டு எழுதுகிறீர்கள்.

சேவை மையத்தை இருமுறை அழைத்தேன். முதல் முறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் முறை, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். பிரிக்காமல் டோக்கன் வேலை செய்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது?

பொருள் பழுதானது என்று நான் சொல்லவில்லை. நான் நேரில் கேட்ட இரண்டு கேள்விக்கும் பொய்யான பதில் சொல்லி விற்றீர்கள் என்பதே என் புகார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது முறையற்ற வணிக நடைமுறை. மூன்று பொருட்களையும் எடுத்துக்கொண்டு 49,288 ரூபாயை 7 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னுக்கு அடுத்த கடைசி நாள் மே 11. அதற்குள் நான் ஒரு லேப்டாப் வாங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விளம்பரப் பலகையின் படம், சேவை மையம் தந்த இரண்டு புகார் எண்கள்.