பூங்காவில் விமானம் நிறுத்தலாம், ஆனால் கூரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊட்டி ஏரிக்கரையில் பழைய பயிற்சி விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், புஷ்பக் கிடைத்தால் இன்னும் நல்லது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் சிமென்ட் மேடை கட்டி ஏற்றிவைக்கலாம் என்கிறாரே, அங்கேதான் வயிறு கலங்குகிறது. எழுபதுகளில் மீனம்பாக்கத்தில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், புஷ்பக்குகளுக்குத் துணி தைத்தவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

புஷ்பக்கைத் தகர விமானம் என்றே பலரும் நினைக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிப்பு அது. 1958ல் முதன்முதலாகப் பறந்தது. அமெரிக்க ஏரோன்கா சீஃப் விமானத்தின் சாயல் அதில் நிறைய உண்டு. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். 90 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின். புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும்; உள்ளே இருப்பவர் 'கான்டாக்ட்' என்று கத்தியதும் இழுத்துவிட்டு ஒதுங்குகிறவனுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். உடம்புக்கு உள்ளே பற்றவைத்த எஃகுக் குழாய்கள், மேலே துணி. இறக்கைக்கும் துணிதான். டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் அதைவிட மோசம், இறக்கைச் சட்டமே மரம்.

அந்தத் துணிவேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்திவைத்து, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மெழுகு தடவிய நூல் கோத்த நீள ஊசியை நான் இங்கிருந்து குத்தினால் அவர் அங்கே வாங்கி, உள்ளே இருக்கும் விலாச்சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. என் எதிரில் நின்ற பெரியவர் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தே, "தம்பி, ஊசியை இறக்கிக் குத்தறே" என்பார். முகம் பார்க்காமலே என் கை தெரியும் அவருக்கு. தைத்த கோட்டின்மேல் பட்டையாகத் துணி நாடா ஒட்டுவோம். அப்புறம் டோப் என்கிற, துணியை இறுக்கும் பூச்சு. முதல் பூச்சில் துணி தொய்ந்து போய்ப் பார்க்கவே பயமாக இருக்கும். காய்ந்ததும் இறுகி, விரலால் சுண்டினால் மிருதங்க வலந்தலைபோல் 'திண்' என்று கேட்கும். கடைசியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு. தகரம் என்று ஏமாற வைப்பது அதுதான். ஆனால் அழகுக்காகப் பூசுவதில்லை; வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் துணியை இற்றுப்போக வைக்காமல் தடுக்கத்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டோப் டின்னைத் திறக்கவே விடமாட்டார்கள். டோப் காயும்போது துணியின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அங்கே நீர் படிந்து, பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்த இடத்தில் பலம் இருக்காது. மறுபடி பூச வேண்டியதுதான்.

டோப் வாசனை எனக்கு ஹேங்கரில் புதிதாகப் பழகியது அல்ல. அப்பா அருவங்காடு கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் இருந்த அசிட்டோன் நெடியின் பங்காளிதான் ஹேங்கரில் அடித்தது. கார்டைட்டுக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், நைட்ரேட் டோப்புக்கும் அதுவே, வீரியம் மட்டும் குறைவு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் செய்த 'இந்து' பிலிமுக்கும் செல்லுலோஸ் வகையறாவோடு சொந்தம் உண்டு. விமானமே இறங்காத மலைக்கு விமானத்தோடு இப்படி ஓர் உறவு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் மலையின் ஈரம் யாருக்கும் புதிதல்ல. பீரோவில் வைத்த தோல் செருப்பு ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடிக்கிறது. கேமரா லென்ஸில் பூஞ்சை படர்கிறது. பருத்தித் துணி மட்டும் தப்பிக்குமா? சமவெளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் திறந்த வெளியில் நிறுத்திய புஷ்பக்கைச் சில வருடங்களுக்கு முன் பார்த்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலை அதன்மேல் அடித்திருந்தார்கள். எனாமல் பாளம் பாளமாக வெடித்து, துணி கிழிந்து தொங்க, காகம் ஒன்று வால்பக்கக் குழாய்களுக்கு நடுவே கூடு கட்டியிருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தில் நீர் வடிவதற்கென்று சின்னச் சின்ன வளையத் துளைகள் வைத்திருப்போம். அத்தனையையும் பெயின்ட் அடைத்திருந்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் போக வழியே இல்லை.

விசாகப்பட்டினம் கடற்கரையில் கடற்படையின் டியூ-142 விமானம் வெளியில் நிற்கவில்லையா என்று கேட்பீர்கள். அது உலோகம், உப்புக்காற்றுக்கே அதற்கும் பராமரிப்பு தேவை. துணி விமானத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைப் பேணி வைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு விமானப்படையின் டைகர் மாத் இருக்கிறது. புதுப்பிக்கப்பட்டு 2012ல் ஹிண்டனில் விமானப்படை தின அணிவகுப்பில் பறந்தது. 1931ல் முதலில் பறந்த ரகம் அது.

எப்படிக் கொண்டுவருவது என்றும் யோசித்தேன். பறக்கவைத்துக் கொண்டுவர வழியில்லை. இங்கே ஓடுதளம் கிடையாது. இருந்தாலும் 2,240 மீட்டர் உயரத்துக் காற்றில் அந்த 90 குதிரைகளில் இருபதாவது படுத்துவிடும். லாரிதான். இறக்கை முனையிலிருந்து முனைக்கு சுமார் 36 அடி. கழற்றி வைத்தால் பர்லியாறு வளைவுகளில் திரும்பிவிடலாம்.

ஆக, வாசகருக்கு என் பதில் இதுதான்: கூரையும் நான்கு பக்கமும் கண்ணாடியும் போட்ட கொட்டகை. தரையிலிருந்து ஈரம் ஏறாமல் மேடை. மழைக்காலம் முழுக்க உள்ளே சில குண்டு பல்புகள் எரியட்டும். கேமரா வைத்த அலமாரியில் இங்கே பலர் செய்துவந்ததுதான். ஏரிக்கரையைவிடக் குன்னூர் பக்கம் எங்காவது என்றால் தென்மேற்குப் பருவமழையின் அடி கொஞ்சம் குறையும். செலவு கூடும், தெரியும். கொட்டகைக்குப் பணம் இல்லையென்றால் விமானமும் வேண்டாம், அது இருக்கும் இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருவேளை கொட்டகை எழும்பி, துணி மாற்ற ஆள் தேடினால் எனக்கு ஒரு வரி போடுங்கள். ஊசி பிடிக்கும் கை இன்னும் நடுங்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று வாங்கித் தர மட்டும் ஓர் இளவட்டம் வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஹேங்கர் தொழிலாளி, அருவங்காடு