கயலுக்கு, ஞாயிறு இரவு பேசியதைப் பற்றி

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா தூங்கிவிட்டார். நான் சமையலறையில் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு உட்கார்ந்து நீ சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, விடும்மா" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

பிரிட்டனில் உன் கம்பெனிக்கு ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டது, அதனால்தான் உன்னை எடுத்தார்கள் என்று உன்னோடு வேலை பார்க்கிற அந்த ஆள் சொன்னது எனக்குக் கோபம்தான். ஆனால் வயிற்றைக் கலக்கியது வேறு. நீயே அதை நம்ப ஆரம்பித்திருக்கிறாய். புதன்கிழமை நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அதையும் "கணக்குக் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்" என்றாய். சொல்லாதே, கயல்.

நான் வேலை தேடிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். 1986, எனக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய வருடம்தான் பொருளாதாரம் அடி வாங்கியிருந்தது, எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்பு. ஓ நிலை முடித்து, லண்டன் வணிகச் சபையின் (எல்சிசிஐ) கணக்குப் பதிவியல் தேர்வும் எழுதி வைத்திருந்தேன். அப்போது நாங்கள் இங்கே சிங்கப்பூரில் தோ பாயோவில் இருந்தோம். சனிக்கிழமை ஆங்கிலப் பேப்பரை வாங்கி வந்து சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். கணக்கு எழுத்தர் வேலை என்று இருக்கும், அதற்குக் கீழேயே சீனர்களுக்கு முன்னுரிமை என்றும் அச்சிட்டிருக்கும். சில விளம்பரங்களில் மாண்டரின் பேச வேண்டும் என்று இருக்கும். யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை, யாருக்கும் அது தப்பாகவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி வந்ததே 1999இல்தான்.

அப்படி ஒன்றும் போடாத விளம்பரமாகப் பார்த்து, புளோக்குக்குக் கீழே இருந்த பொதுத் தொலைபேசியில் 10 காசு போட்டுக் கூப்பிட்டேன். எடுத்த பெண் நன்றாகத்தான் பேசினாள். என்ன படித்தேன், எங்கே இருக்கிறேன், தட்டச்சு தெரியுமா, எல்லாம் கேட்டாள். கடைசியாகப் பெயர் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது மட்டும் கேட்டது. அப்புறம் வந்து, ஆள் எடுத்தாகிவிட்டது என்றாள். எனக்குப் பின்னால் உனக்குத் தெரிந்த பத்தாவது மாடிச் சீன ஆன்ட்டி நின்றிருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, கணக்கில் என்னைவிட ஒரு படி குறைவு. அவள் என் கையிலிருந்து அடுத்த 10 காசை வாங்கிப் போட்டு அதே எண்ணுக்கு அடித்தாள். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

அவள் போகவா என்று என்னைக் கேட்டாள். போ என்றேன். வேறு என்ன சொல்வது, அவள் வீட்டிலும் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தாள். நல்லவள், இன்றைக்கும் தீபாவளிக்கு முறுக்கு வாங்கிப் போக வருவாள். ஆனால் அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவராவது அவளிடம் வந்து, உன் முகத்துக்காக உன்னை எடுத்தார்கள் என்று சொல்லியிருப்பார்களா? அவளாவது ஒரு ராத்திரி எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நினைத்து அழுதிருப்பாளா? அந்தக் கம்பெனியிலும் இட ஒதுக்கீடு இருந்தது கயல், நூற்றுக்கு நூறு. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். உன்னிடம் அப்படிப் பேசினவர் தன்னை எப்படி எடுத்தார்கள் என்று என்றைக்காவது யோசித்திருப்பாரா?

நீ அனுப்பிய பயிற்சிக் குறிப்பை இரண்டு தடவை படித்தேன். அதில் இருந்த ஆக்ஸ்ஃபர்ட் நஃபீல்ட் கல்லூரி ஆய்வு என்னை அந்தத் தொலைபேசிக்கே கொண்டுபோய்விட்டது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம் போட்டு, பெயரையும் பூர்வீகத்தையும் மட்டும் மாற்றி, ஏறக்குறைய 3,200 வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பான்மை வெள்ளையர் பெயருக்கு 24 விழுக்காடு பதில், சிறுபான்மையினர் பெயருக்கு 15. அது வெளிவந்தது 2019இல். எனக்குப் பதில் கிடைக்காமல் போனது தொலைபேசியில், இவர்களுக்குக் கணினியில். நேர்முகத்துக்கு முன்னாலேயே, யாரும் பார்க்காத இடத்தில்தான் இது நடந்து முடிந்துவிடுகிறது. உன்னைப் பட்டியலில் சேர்க்க உன் கம்பெனி தனியாக ஒரு முயற்சி எடுத்தது என்றால், அந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்தார்கள் என்று அர்த்தம். உள்ளே போய் மூன்று சுற்றுத் தேர்வு எழுதியது நீ.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. 2004இல் ஊபியில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எழுத்தர் ஒருவர் வேண்டும், நாற்பது விண்ணப்பம் வந்திருந்தது, அதிலிருந்து ஆறு பேரை எடுத்துக் கொடு என்று முதலாளி சொன்னார். அப்போதெல்லாம் படம் ஒட்ட வேண்டும், இனம், மதம் என்று இரண்டு கட்டம் வேறு இருக்கும். துடோங் (முக்காடு) அணிந்த மலாய்ப் பெண் ஒருத்தி, டிப்ளோமா, மூன்று வருட அனுபவம். அந்த நாற்பதில் சிறந்த விண்ணப்பம் அதுதான். அதை எடுத்து ஓரமாக வைத்தேன். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதலாளி எப்படியும் ஒப்புக்கொள்ளமாட்டார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதைவிட முக்கியமாக, நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் விண்ணப்பம் அடியில் இருந்தது, சுமாரான விண்ணப்பம்தான், அதை மேலே தூக்கி வைத்தேன். நமக்கு நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்கள் என்று அன்றைக்கு மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது.

எத்தனையோ வருடம் கழித்துத்தான் உறைத்தது, 1986இல் ரிசீவரைப் பொத்தின அந்தக் கை இப்போது என் கை. அந்த மலாய்ப் பெண்ணின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

அதனால்தான் ஒதுக்கீடு சரியா தவறா என்று யாராவது ஒரே வார்த்தையில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என் பெரியப்பா மகள், உனக்குப் பெரியம்மா முறை, கல்லூரிக்குப் போனதே ஒதுக்கீட்டில்தான். அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி. கோட்டாவில் வந்தவள் என்று ஊரே பேசியது, முப்பது வருடம் வாத்தியாராக இருந்து எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறாள். தமிழ்நாட்டில் இன்றைக்கு 69 விழுக்காடு ஒதுக்கீடு, அது இல்லாமல் அந்தத் தெரு அப்படியே கிடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈப்போ சித்தி மகனை நினைத்துப் பார். 1971இல் மலேசியாவில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபோது இனத்தையும் வறுமையையும் பிரிக்கத்தான் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழக இடத்துக்கு இன வாரியாகக் கணக்கு வைத்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர் பேரன் அவன், நல்ல மதிப்பெண், மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. சித்தி வீட்டை விற்று இந்தியாவுக்கு அனுப்பினாள். கை தூக்கிவிட வேண்டிய ஏழைப் பையனையே ஒதுக்கீடு கீழே தள்ளியது. யாருக்காக, எத்தனை நாளைக்கு என்று பார்க்காமல் அதற்கு ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ சொல்ல எனக்கு மனசு வராது.

சிங்கப்பூரில் தகுதிக்குத்தான் இடம், ஒதுக்கீடே கிடையாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம், அதுவும் முழு உண்மை இல்லை. 1988இலிருந்து, பல வேட்பாளர்கள் ஓரணியாக நிற்கிற குழுத் தொகுதியில் சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும். 1989இலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. வீட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கணக்குப் பார்க்கிற ஊரில் வேலைக்கு மட்டும் வெறும் அறிவுரைதான் இத்தனை காலமும். 2025 ஜனவரியில்தான் வேலையிட நியாயத்தன்மை மசோதா நிறைவேறியது, அது நடைமுறைக்கு வந்த பிறகு இனம், மதம், மொழி, வயது என்று பார்த்து ஒருவரை ஒதுக்கினால் சட்டத்தை மீறியதாகும். நடைமுறைக்கு வர 2027 ஆகும் என்கிறார்கள். 25 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு. எனக்கு அதில் வருத்தம், ஊபியில் நாங்கள் இருந்ததே பதினெட்டுப் பேர். அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். உடற்குறையுள்ளவர்களுக்கும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் முதலாளி முன்னுரிமை கொடுக்கலாம், அது பாகுபாடு ஆகாது. இனத்துக்கு அப்படி இடமில்லை. நூற்றுக்கு ஒன்பது பேராக இருக்கிற இந்தியர்களான நமக்கு அது நல்லதா கெட்டதா என்று முதலில் குழப்பமாக இருந்தது. என்னையே நினைத்துப் பார்த்த பிறகு இனக் கணக்கை மேலாளர் மனசுக்கு விட்டுவிடாததே நல்லது என்று தோன்றுகிறது.

உங்கள் ஊர்ச் சட்டம் 2010லேயே இதைப் பிரித்திருக்கிறது, உன் குறிப்பில்தான் படித்தேன். இரண்டு பேர் தகுதியில் சமம் என்றால் குறைவாக இருக்கிற பிரிவினரை எடுக்கலாம், தகுதி குறைந்தவரை இனத்துக்காக எடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் செஷயர் போலீஸ் துறை, வேலைக்கு விண்ணப்பித்த 127 பேரைச் சமம் என்று சொல்லிவிட்டுக் குறைவாக இருக்கிற பிரிவினரைப் பொறுக்கியது என்று 2019இல் தீர்ப்பாயம் தப்புச் சொன்னது. சரியான தீர்ப்பு. 127 பேரும் சமம் என்றால் தேர்வு எதற்கு வைத்தார்கள்? அப்படிச் செய்கிறவர்களால்தான் உன்னைப் போல் உழைத்து வந்த பிள்ளைகளுக்குப் பேச்சு விழுகிறது.

அதனால் புதன்கிழமை போய் உட்கார். உட்காருவதற்கு முன்னால், உங்கள் கம்பெனியில் ஓரமாக வைத்த விண்ணப்பங்களைக் கேட்டு வாங்கிப் பார். அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டா என்று தெரியாவிட்டால் முதலில் அதை விசாரி. பெயரை மறைத்துவிட்டுப் படி. ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேள், "நம் குழுவுக்கு ஒத்துவரமாட்டார்" என்று பதில் வந்தால் எதில் ஒத்துவரமாட்டார் என்று திரும்பக் கேள். நேர்முகத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்வி, மதிப்பெண்ணை அங்கேயே எழுது. தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால் உனக்கு ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதற்காக அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாதே. கடைசியில் வெள்ளைக்காரப் பையன்தான் சிறந்தவன் என்றால் அவனுக்கே கொடு, அதைச் சொல்ல உனக்குக் கூச்சம் வேண்டாம்.

அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டாம். உன் வேலை அவருக்கும் தெரியும்.

அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். முறுக்கு மாவு அரைத்தாகிவிட்டது, பத்தாவது மாடி ஆன்ட்டி உனக்கும் பார்சல் கட்டச் சொன்னாள். புதன்கிழமை முடிந்ததும் கூப்பிடு, இங்கே எத்தனை மணி ஆனாலும் முழித்துக்கொண்டிருப்பேன். யாரை எடுத்தீர்கள் என்பதை அப்புறம் சொல், ஓரமாக வைத்த விண்ணப்பங்களில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்.

அம்மா