ரெக்கை மடித்த விமானம்

சூலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

"கோவாவுல போட்டுட்டாங்கப்பா. ஹன்சா. 300-ல" என்று நேற்று ராத்திரி நீ அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். கடற்படையின் ஹன்சா விமானத் தளம், அதில் 300-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. அம்மா முதலில் கேட்டது அங்கே சோறு எப்படி இருக்கும் என்பதுதான். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாட்டுத் தொண்டுப்பட்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, எனக்கு உன் அப்பாரு, அதாவது என் அப்பா, ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தூக்கம் வராத ராத்திரியில் படி.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் ஹன்சா கோவாவில் பிறந்ததில்லை, தெரியுமா? நம்ம சூலூரில் பிறந்தது. 1961 செப்டம்பரில் கடற்படை தன் விமானத் தளத்துக்கு ஹன்சா என்று பெயர் வைத்து இங்கேதான் திறந்தது. அப்போது கோவா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அந்த டிசம்பரில் கோவா நம்மிடம் வந்தது. அங்கே டபோலிம் என்ற இடத்து ஓடுதளம் கிடைத்தபின், 1964-இல் ஹன்சா மூட்டைமுடிச்சோடு அங்கே கிளம்பிவிட்டது. நடுவிலிருந்த அந்த இரண்டே முக்கால் வருஷமும் கடலே இல்லாத இந்த ஊரில் கப்பல் விமானங்கள் நின்றன.

அப்பாரு அப்போது சைக்கிளில் பால் கொண்டுபோய் உள்ளே மெஸ்ஸுக்கு ஊற்றுவார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க, அங்க ஒரு ஏரோப்ளேன் கோழியாட்ட ரெக்கைய மடிச்சு மேல தூக்கி வெச்சுட்டு நிக்குதுங்க" என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னாராம். ஒருத்தரும் நம்பவில்லை. பால் மனுஷனுக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று சிரித்தார்கள். சாகிறவரைக்கும் அந்தக் கேலி அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

அவர் பார்த்தது சீ ஹாக். உன் 300-இன் முதல் விமானம். கப்பலில் இடம் குறைவு என்பதால் ரெக்கையை நடுவில் மடித்து மேலே தூக்கி நிறுத்துவார்கள்.

அந்த ஸ்குவாட்ரன் 1960 ஜூலையில் இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸில் பிராடி என்ற தளத்தில் தொடங்கப்பட்டது. அப்போது அது பறக்க வேண்டிய விமானந்தாங்கிக் கப்பல்கூடத் தயாராகவில்லை. பழைய விக்ராந்த் பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்து 1961 மார்ச்சில்தான் நம் கடற்படைக்கு வந்தது. அந்த மே 18-ஆம் தேதி அதன் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி. பிற்பாடு அவரே கடற்படைத் தலைவரானார்.

விக்ராந்தின் நீளம் 700 அடி. நம்ம மில்லின் ஸ்பின்னிங் ஷெட்டை நினைத்துக்கொள். அதன் ஒரு கோடியிலிருந்து ஜெட் கிளம்ப வேண்டும், திரும்பி வந்து இன்னொரு கோடியில் நிற்கவும் வேண்டும். கிளம்ப நீராவிக் கேட்டபல்ட். சின்ன வயசில் நீ வேப்பமரத்துக் கவட்டையில் செய்தாயே உண்டிவில், அதே வேலைதான். ரப்பருக்குப் பதில் நீராவி. இறங்கும்போது வால் பக்கம் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பி வடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாவிட்டால் மறுபடி மேலே போய்ச் சுற்றி வர வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1971. எல்லோரும் பாகிஸ்தானோடு நடந்த போரைச் சொல்வார்கள், நான் கொதிகலனைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் வேறு எதைச் சொல்வேன்?

1970-லேயே விக்ராந்தின் கொதிகலன் டிரம்மில் விரிசல். வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல். புது டிரம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். கப்பல் மாதக்கணக்கில் பம்பாயில் சும்மா கிடந்தது. போர் வரும்போலத் தெரிந்ததும், அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்துக்கொண்டு அதை வங்கக்கடலுக்கு ஓட்டி வந்தார்கள். கேட்டபல்ட் வேலை செய்வதும் அந்த நீராவியில்தான். கப்பல் வேகமாகப் போனால்தான் விமானத்துக்கு எதிர்காற்றும் கிடைக்கும். உடம்பு முடியாத மாட்டை வண்டியில் பூட்டி மேடு ஏற்றுவது போல இருந்திருக்கும். அடியில் அந்தச் சூட்டில் நின்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

போருக்கு முன் கொஞ்ச காலம் விக்ராந்த் நம் மதராஸில் நின்றது. பிறகு கண்ணில் படாமல் அந்தமான் பக்கம் போய் ஒதுங்கியது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. மூழ்கடித்தது நம் ராஜ்புத் போர்க்கப்பல் என்று நாம் சொல்கிறோம், அவர்கள் வேறு சொல்கிறார்கள். கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்துக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவில்காரர். 4-ஆம் தேதி காலை எட்டு சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. சாயங்காலம் சிட்டகாங். அப்புறம் குல்னா, மோங்லா. ராத்திரியில் அலிசே விமானங்கள் போயின, அவை வேறு ஸ்குவாட்ரன். 300-க்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கமாண்டர் குப்தாவுக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது. சில விமானங்களில் குண்டு துளைத்திருந்தது, ஆனால் ஒரு சீ ஹாக்கையும் இழக்கவில்லை. துளை விழுந்ததை உடனே அடைத்து மறுபடி அனுப்பிய கைகள் உன் மாதிரி விமானம் பழுதுபார்க்கிறவர்களின் கைகள் என்பதை நீ மறக்கக் கூடாது.

சீ ஹாக் கிழண்டு போனபின் வந்தது சீ ஹாரியர். 1983 டிசம்பர் 16-ஆம் தேதி மூன்று விமானங்கள் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்து டபோலிமில் இறங்கின. நாலாம் நாள் விக்ராந்தில் முதல் சீ ஹாரியரை இறக்கியவர் அருண் பிரகாஷ். அவரும் பிறகு கடற்படைத் தலைவர். இந்த ஸ்குவாட்ரனில் அப்படி ஒரு ராசி.

சீ ஹாரியருக்குக் கொக்கியும் வேண்டாம், வடமும் வேண்டாம். எஞ்சினின் காற்று வெளியேறும் நான்கு குழாய்களையும் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டால் அந்தரத்தில் நிற்கும். மற்ற விமானம் இறங்கியபின் நிற்கும், இது நின்றபின் இறங்கும் என்று சொல்வார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் நம் கடற்கரை வெக்கையில் எஞ்சினுக்கு மூச்சு குறைந்துபோகும். பாரத்தோடு வந்து அந்தரத்தில் நிற்க அது திணறும். நின்றபடி கொஞ்சம் தடுமாறினால் சுதாரிக்க உயரம் கிடையாது. விக்ராந்துக்குப் பிறகு விராட்டில் பறந்தார்கள். அதுவும் பழைய கப்பல்தான், 1982 ஃபாக்லாந்து சண்டையில் பிரிட்டிஷாருக்கு ஹெர்மிஸாக ஓடியது, 1987-இல் நம்மிடம் வந்தது. ஏறத்தாழ முப்பது சீ ஹாரியர்கள் வாங்கியதில் பாதிக்கு மேல் விபத்தில் போய்விட்டன. விமானிகளும் இறந்தார்கள்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த விமானம் 32 வருஷம் ஓடியது வெறும் பெருமையால் இல்லை. உதிரிபாகம் கிடைக்காத காலத்திலும் ராத்திரியெல்லாம் விழித்து அதை ஓட வைத்த ஆட்கள் இருந்தார்கள்.

2016 மே 11-ஆம் தேதி ஹன்சாவில் விழா எடுத்துச் சீ ஹாரியருக்கு விடை கொடுத்தார்கள். அதே விழாவில் 300 என்ற எண்ணும் பாயும் வெள்ளைப் புலிச் சின்னமும் மிக்-29கே விமானத்துக்குப் போயின. மிக்குக்கு 303 என்ற இன்னொரு ஸ்குவாட்ரனில் மூன்று வருஷ அனுபவம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் 300-காரர்களுக்கு அது மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்தான். ஒற்றை எஞ்சின் போய் இரட்டை எஞ்சின் வந்தது. அந்தரத்தில் நிற்பது போய்க் கொக்கியும் வடமும் திரும்பி வந்தன. அப்பாரு பார்த்த கொக்கிக்கே திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கேட்டபல்ட் மட்டும் திரும்பவில்லை. மிக் பறக்கும் விக்ரமாதித்யா கப்பலின் முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எஞ்சினை முழுசாக முறுக்கும்வரை சக்கரத்தைத் தடுத்துப் பிடித்து, விட்டவுடன் அந்தச் சரிவில் ஏறி எகிறுகிறது. இறங்கும்போது சக்கரம் பட்டதும் விமானி எஞ்சினைக் குறைக்காமல் முழுசாகக் கூட்டுவாராமே? வடம் மாட்டாவிட்டால் உடனே மேலே போக வேண்டும் என்பதற்காக. எனக்கு இது புரியவே ஒரு வாரம் ஆனது.

2022 செப்டம்பரில் கொச்சியில் புது விக்ராந்த் வந்தது. நீ அங்கே பயிற்சியில் இருந்தபோது தூரத்தில் பார்த்ததாகச் சொன்னாய். பழைய விக்ராந்தை உடைத்து, அந்த இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் மோட்டார் சைக்கிளில் போட்டார்கள். நம் பக்கத்து வீட்டுத் தம்பிகூட ஒன்று வைத்திருக்கிறான், பெட்ரோல் டாங்கில் சீ ஹாக் பறந்த கப்பலின் இரும்பு இருப்பது தெரியாமல் கடலை மூட்டை ஏற்றுகிறான். இனி ரஃபேலும் வருகிறது. 26 விமானத்துக்கு 2025 ஏப்ரலில் கையெழுத்து ஆகிவிட்டது.

நான் மில்லில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு மெஷினுக்குள் நட்டு ஒன்றை விட்டுவிட்டேன். மில்லின் பெயர் வேண்டாம். யாரும் பார்க்கவில்லை. சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன். மறுநாள் கியர் பல் நான்கு போயிற்று, ஒருத்தர் விரல் மயிரிழையில் தப்பியது. உங்கள் கப்பலில் எல்லோரும் வரிசையாக நடந்து தளத்தில் கிடக்கும் திருகு, கம்பித் துண்டு எல்லாம் பொறுக்குவார்கள் என்று படித்தேன். எஞ்சின் அதை உறிஞ்சிவிட்டால் போச்சு. நீ ஸ்பானரை எண்ணி எடு, எண்ணி வை. ஒன்று குறைந்தால், எவ்வளவு பெரிய அதிகாரி கத்தினாலும், சொல்லிவிடு.

அப்புறம் ஒரு வேலை. உன் தளத்துக்குள் எதையும் படம் எடுக்காதே, அது தெரியும். ஆனால் போக்மாலோ போகும் வழியில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். அங்கே சீ ஹாக் ஒன்று நிற்கிறது. விடுமுறை கிடைத்ததும் போய், அதன் ரெக்கையைப் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்பு. விரித்தே வைத்திருந்தால் மடிகிற மூட்டு இருக்கும் இடத்தையாவது எடு. உன் பெரிய மாமன் போன தீபாவளிக்குக்கூட "உங்கப்பா சொன்ன கோழி ஏரோப்ளேன்" என்று ஆரம்பித்தார். நான் அதைப் பெரிசாகக் கழுவி, சட்டம் போட்டு அப்பாரு படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறேன்.

அம்மா கடலை உருண்டை செய்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். அறையில் இருக்கிற பசங்களுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா