ஓசி டிக்கெட் பற்றி என் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. போன வாரம் போனில் பேசும்போது, "என் டாக்ஸ் காசுல ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஓசி பஸ்ல சுத்துறாங்கப்பா" என்று சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் நம் இரண்டு பேருக்கும் சத்தம்தான் மிச்சம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ இருக்கிற பெங்களூரிலும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசம்தான். அங்கே நீ பஸ் ஏறுவதில்லை, அதனால் கண்ணில் பட்டிருக்காது. நான் வாழ்க்கை முழுக்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விசில் ஊதினவன். கட்சிக்காரன் பேச்சை விட நான் பார்த்ததைச் சொன்னால் உனக்குப் பிரயோசனமாக இருக்கும்.

2021 மே 7ஆம் தேதி புது முதலமைச்சர் பதவியேற்ற அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று இது. மறுநாளிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இரண்டு நாளில் கொரோனா ஊரடங்கு வந்து வண்டியெல்லாம் டெப்போவில் நின்றுவிட்டது. திரும்ப ஓட ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் என்றால் என்ன என்று தெரிந்தது. கலெக்‌ஷன் விழுந்தால் பேட்டாவும் விழுமே என்று டெப்போவில் ஒரே புலம்பல். சில டிரைவர்கள் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்துவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரட்டும் என்று. இதெல்லாம் நடந்தது. மறைத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? முன்னீர்பள்ளம் பக்கம் டிரிப் அடிக்கும்போது, பீடி சுற்றுகிற பெண்கள் ஏறுவார்கள். சுற்றின பீடியைக் கடையில் போட்டுவிட்டு இலை வாங்கி வருகிற கூட்டம். முந்தானையில் முடிந்த சில்லறையை அவிழ்த்து எண்ணிக்கொண்டே ஸ்டேஜ் கேட்பார்கள். அடுத்த ஸ்டேஜுக்கு டிக்கெட் ஏறும் என்றால், முந்தின ஸ்டேஜிலேயே இறங்கி இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்துவிடுவார்கள். 2018 ஜனவரியில் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றினார்களே, அப்போது இப்படி இறங்கி நடக்கிறவர்கள் அதிகமானார்கள். எதிர்ப்பு வந்து பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். நடந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி ஏறவில்லை.

ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் சுகர் மாத்திரை மாதாமாதம் கொடுக்கிறார்கள். அதை வாங்கப் போகவரக் காசில்லாமல் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். மாத்திரை ஓசி, பஸ்தான் ஓசி இல்லை. இப்போது மாதம் தவறாமல் போகிறார்கள்.

காசு மிச்சமாவது உண்மைதான். மாநிலத் திட்டக் குழு கணக்குப் பார்த்தபோது ஒரு பெண்ணுக்கு மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைப்பது அந்தக் கணக்கை இல்லை. நம் வீடுகளில் ஒரு பெண் பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசி. "எங்க போற? எதுக்கு? நேத்துதானே போன?" அந்த இருபது ரூபாய்க்குள் இத்தனை கேள்வி இருக்கிறது. காசு கேட்பதும் அனுமதி கேட்பதும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. பஸ் இலவசம் ஆனதும் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாமல் போய்விட்டது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிச் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறாள். நெல்லையப்பர் கோயிலுக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போகிறார்கள். காரியம் எதுவும் இல்லை, சும்மாதான் வருகிறார்கள். நீ இதைத்தான் சுத்துறாங்க என்கிறாய். நம் தெரு டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து மத்தியானம் வரை பேப்பரும் கையுமாக இருக்கிற மாமாக்களை நீ இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் கதை தனி. இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிற பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மத்திய அரசு கணக்கே சொல்கிறது. அவர்கள் எல்லாம் கம்பெனி வேனில் போகிறவர்கள் இல்லை. பாளை மார்க்கெட்டில் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் எத்தனை பேர் என் வண்டியில் வந்தார்கள்! சம்பளம் சொற்பம். அதில் பஸ்ஸுக்கு எடுத்து வைத்ததுபோக வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

சரி, உன் வரிக்கு வருகிறேன். நீ வருமான வரி கட்டுகிறாய், பெருமைதான். ஆனால் வரி கட்டுகிறவன் நீ மட்டும் இல்லை. 2025 செப்டம்பர் வரைக்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். இப்போதுதான் 5 ஆக்கியிருக்கிறார்கள். பீடி சுற்றுகிறவளும் அதைக் கட்டினாள், பில் கையில் வராததால் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் டாஸ்மாக். வருஷத்துக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துக்கு அங்கேயிருந்து வருகிறது. அது யார் வீட்டுக் காசு? பஸ் இலவசத்துக்கு ஆகிற செலவு வருஷத்துக்கு 3,000 கோடிக்கு மேல். எடுத்துக்கொண்டதில் ஒரு துளியைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2019இல் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தபோது 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று மத்திய அரசே சொன்னது. அன்றைக்கு நீ அதை வளர்ச்சி என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கா?

பழசைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க நீ இலவச பஸ் பாஸில்தான் போனாய். காலேஜில் முதல் பட்டதாரி என்று ஃபீஸில் குறைத்தார்கள். வாங்கியதில் தப்பே இல்லை, அதற்காகத்தான் கொடுத்தார்கள்.

நீ சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு ஒப்புதல். மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதைக் கேட்கத்தான் வேண்டும். தேர்தல் வந்தால் டிவி, மிக்ஸி, கிரைண்டர் என்று அறிவித்ததை எல்லாம் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றமே தேர்தல் அறிக்கையில் அப்படிச் சொல்வது சட்டப்படி ஊழல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது, அதனால் எல்லாக் கட்சிக்கும் தைரியம் வந்துவிட்டது. கிரைண்டரையும் பள்ளிக்கூடத்துச் சத்துணவையும் ஒரே தட்டில் வைத்து இலவசம் என்று பேசுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஓட்டுக்குத் துட்டு கொடுப்பது முற்றிலும் வேறு. 2016இல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் அதற்காகவே தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். 2017இல் ஆர்.கே.நகரில் இடைத்தேர்தலையே ரத்து பண்ணினார்கள், 2019இல் வேலூரில் நாடாளுமன்றத் தேர்தலையும். அந்தத் துட்டு ராத்திரி கவரில் வருவது, வாங்கினவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியது. பஸ் டிக்கெட் பகலில், சட்டப்படி, எந்தக் கட்சிக்காரி என்று கேட்காமல் கிழித்துக் கொடுப்பது. நம் தெருவில் கவர் வாங்காதவர்கள் யார் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். பெயர் எழுதினால் அம்மா திட்டுவாள்.

உனக்குக் கோபப்படத்தான் வேண்டும் என்றால் இதற்குக் கோபப்படு: டிக்கெட் இலவசம், பஸ் எங்கே? பழைய வண்டி, மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. ஆள் இல்லை என்று டிரிப்பைக் கட் பண்ணுகிறார்கள். முதலில் போவது கிராமத்துக்குப் போகிற கடைசி டிரிப்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜவுளிக்கடை மூடினால் அந்தப் பிள்ளை ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கணும், இல்லையென்றால் அண்ணன் பைக்கோடு வந்து நிற்கணும். கண்டக்டர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு டிக்கெட்டை நீட்டுவதும் இன்னும் இருக்கிறது. 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் பெண்களைப் பார்த்து "ஓசியில போறீங்க" என்று பேசியதாகப் பெரிய சர்ச்சை ஆனது. மேலே இருக்கிறவர்களுக்கே அந்த எண்ணம் என்றால் கண்டக்டரை எங்கே குறை சொல்ல?

அம்மாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள். நாளைக்கு டவுனுக்குப் போகிறாளாம், என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ரயில் வெயிட்டிங் லிஸ்ட் என்றாய். ஆம்னிக்காரனிடம் மூவாயிரம் அழாதே. அரசு விரைவு பஸ் பெங்களூரிலிருந்து இங்கே வருகிறது, இப்போதே புக் பண்ணு. அது காசு கொடுத்து வாங்குகிற டிக்கெட்தான், தைரியமாக ஏறலாம்.

இப்படிக்கு,
அப்பா