நாற்காலி வாங்கும்போதே அதன் முடிவையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் அறைகலன் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் ஏலக்குத்தகைகளுக்கு விலை கணக்கிடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், பொருள்களைத் தூக்கியெறியாமல் பழுதுபார்த்தும் மறுபடி பயன்படுத்தியும் வரும் சுழற்சிப் பொருளியலுக்கு அரசாங்கக் கொள்முதல் எப்படித் துணைநிற்கலாம் என்பது குறித்து இதை எழுதுகிறேன்.

ஒருமுறை பொது அமைப்பு ஒன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அலுவலக நாற்காலிகளை வழங்கும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்தது. புதியவற்றை இறக்கிவிட்டுப் பழையவற்றை லாரியில் ஏற்றியபோது பலவற்றை நானே உட்கார்ந்து பார்த்தேன். சட்டகம் உறுதியாக இருந்தது, முதுகுச்சாய்வும் தளரவில்லை. இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் வாயு உருளை வலுவிழந்ததால், உட்கார்ந்ததும் நாற்காலி மெல்லக் கீழே இறங்கியது. பெரும்பாலானவற்றில் பழுது அவ்வளவுதான். பழகிய கைக்கு அதை மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால், பொருள் முற்றிலும் புதியதாக இருக்க வேண்டும், பழையவற்றை வழங்குநரே அப்புறப்படுத்த வேண்டும் என்றுதான் ஆவணம் கேட்டது. பழுதுபார்த்துத் தருகிறோம் என்று எழுத அதில் இடமே இல்லை. நல்ல நாற்காலிகள் குப்பையாகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இங்கே எரிக்கப்படும் கழிவின் சாம்பல் துவாசிலிருந்து கடல்வழியாகப் புலாவ் செமாக்காவ் தீவிலுள்ள நிலநிரப்புமிடத்துக்குச் செல்கிறது. 1999ல் செயல்படத் தொடங்கிய அந்த நிலநிரப்புமிடம் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அங்கு அனுப்பப்படும் கழிவின் அளவை, நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில், 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. பெரிய கட்டுமான, தகவல் தொழில்நுட்ப ஏலக்குத்தகைகளில் தொடங்கி, மதிப்பீட்டுப் புள்ளிகளில் 5 விழுக்காடு வரை சுற்றுப்புற நீடித்த நிலைத்தன்மைக்கு ஒதுக்கும் நடைமுறையும் 2024 நிதியாண்டில் அறிமுகமானது. இதை மனமார வரவேற்கிறேன்.

இருப்பினும், கட்டுமான, இடிப்புக் கழிவில் ஏறக்குறைய 99 விழுக்காடு ஏற்கெனவே மறுசுழற்சி செய்யப்படுகிறது. கவனம் போதாத இடம் நாற்காலி, மேசை, தரைவிரிப்பு, சீருடை போன்ற அன்றாடப் பொருள்கள்தான் என்பது என் அனுபவம். இவற்றுக்கான கொள்முதல் ஆவணங்களில் மூன்று கேள்விகளாவது கட்டாயமாக இடம்பெற வேண்டும். உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்? வழங்குநர் அலுவலகத்துக்கே வந்து பழுதுபார்ப்பாரா? பயன்பாடு முடிந்ததும் பொருளைத் திரும்பப் பெற்று என்ன செய்வார்? பதிலுக்கு ஏற்பப் புள்ளி கொடுத்தால், பத்து ஆண்டு உழைக்கும் நாற்காலி மூன்றே ஆண்டில் ஆட்டம் காணும் மலிவான நாற்காலியிடம் தோற்காது. புதுப்பிக்கப்பட்ட பொருளையும், தரச் சோதனையில் தேறினால், போட்டியில் அனுமதிக்க வேண்டும்.

கொள்முதல் அதிகாரிகளை நான் குறைசொல்லவில்லை. மக்களின் வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அவர்களுக்கு, ஆகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பதே தணிக்கையின்போது எளிதில் நியாயப்படுத்தக்கூடிய முடிவாக இருக்கிறது. அதனால்தான் இதை ஓர் அதிகாரியின் தனிப்பட்ட ஆர்வத்துக்கு விட்டுவிடாமல் விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். சிறு நிறுவனங்களுக்குச் சுமை கூடுமே என்ற கவலை நியாயமானது. எனினும், திரும்பப் பெறும் பொறுப்பைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுடன் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் இடமளித்தால் அவர்களாலும் போட்டியிட முடியும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருக்கைத் துணி தைக்கவும் உருளை மாற்றவும் என்னுடன் வேலை செய்தவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டார்கள். நிலையான வேலை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் இளையர்கள் அவர்களிடம் அந்தத் தொழிலைக் கற்க வருவார்கள். அடுத்து வரும் அறைகலன் ஏலக்குத்தகையிலேயே இக்கேள்விகளைச் சேர்க்குமாறு சம்பந்தப்பட்ட அமைச்சுகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்